ரயிலில் பாட்டுக் கேட்க ஒரு பழைய சிடி பிளேயர்

குரோம்பேட்டையில் ஏறி பீச்சில் இறங்குகிற எனக்கு மின்சார ரயிலில் முக்கால் மணி நேரம் கிடைக்கிறது. ஒரு படத்தின் பாட்டு மொத்தத்தையும் கேட்டு முடித்துவிடலாம். ‘அதான் போன் இருக்கே’ என்பார்கள். போனில் சரணத்துக்கு நடுவே மேனேஜர் வந்துவிடுகிறார்.

புதிதாக வாங்குவதானால் புளூடூத், உள்ளேயே சார்ஜ் ஏறும் பேட்டரி எல்லாம் வைத்த பிளேயர்கள் ஆன்லைனில் கிடைக்கின்றன. நான் பழசின் கட்சி. உள்ளே ஒட்டிவைத்த லித்தியம் பேட்டரி ஓய்ந்துபோனால் மாற்றுவது பெரும்பாடு. இரண்டு பென்சில் செல்லில் ஓடுகிற பிளேயருக்கு அந்தக் கவலை இல்லை, எந்தப் பெட்டிக்கடையிலும் செல் கிடைக்கும்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள். புது பென்சில் செல் இரண்டு, உங்கள் இயர்போன், 70 நிமிடத்துக்கு மேல் ஓடும் ஒரிஜினல் ஆடியோ சிடி ஒன்று, கம்ப்யூட்டரில் நீங்களே எழுதிய சிடி ஒன்று, எல்லாம் பையில் இருக்கட்டும். “சூப்பரா ஓடும் சார்” என்று கடைக்காரர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே செல் போடும் மூடியைத் திறந்து பாருங்கள். ஸ்பிரிங்கில் வெள்ளையாகப் பூத்திருந்தால், பஞ்சில் வினிகர் தொட்டுத் துடைத்தால் போய்விடும். ஸ்பிரிங்கே அரித்துப்போயிருந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

செல் போட்டும் எந்தப் பட்டனும் வேலை செய்யவில்லையா? ஓரத்தில் ‘ஹோல்டு’ என்று, மற்ற பட்டன்களைப் பூட்டிவைக்கிற ஒரு சின்னத் தள்ளு பட்டன் இருக்கும். ரிப்பேர் என்று ஒதுக்கிவைத்ததில் சிலது அந்தப் பட்டன் தள்ளியிருப்பதால் மட்டுமே அப்படிக் கிடக்கும். அவரிடம் இதை இப்போதே சொல்ல வேண்டியதில்லை.

முதல் பாட்டைப் போட்டுக் கேட்டதும் திருப்தியாகிவிடாதீர்கள். சிடியை லென்ஸ் உள்வட்டத்தில் தொடங்கி வெளி ஓரம் நோக்கிப் படித்துக்கொண்டு போகும். அது நகர்கிற கம்பியில் கிரீஸ் காய்ந்திருந்தால் முதல் பாட்டு ஜோராகப் பாடும், கடைசிப் பாட்டில் திக்கும். அதனால் நேராகக் கடைசிப் பாட்டுக்குத் தாவுங்கள். அப்புறம் நீங்கள் எழுதிய சிடியைப் போடுங்கள். ஒரிஜினலைப் படித்துவிட்டு இதைப் படிக்கத் தவித்தால், லென்ஸில் தூசி, இல்லையென்றால் லேசர் தளர்ந்திருக்கிறது. இரண்டாவது வகையென்றால் சரிசெய்யச் செலவழிப்பது வீண். இத்தனையும் தேறினாலும் ஐநூறு, அறுநூறுக்கு மேல் நான் தரமாட்டேன்.

ரயிலுக்கு முக்கியம் குலுக்கல் தாங்குவது. மூடியில் ‘ஆன்டி ஸ்கிப்’ என்றும் பக்கத்தில் 10, 40 என்று விநாடிக் கணக்கும் போட்டிருப்பார்கள். பாட்டை முன்கூட்டியே படித்து மெமரியில் வைத்துக்கொண்டு அதிலிருந்து நமக்குக் கொடுப்பதுதான் ஏற்பாடு. தண்டவாளம் பிரிகிற பாயின்ட்டில் ரயில் பெட்டி உலுக்கி லென்ஸ் தடம் தவறினாலும், அது மறுபடி இடத்தைப் பிடிப்பதற்குள் நம் காதில் மெமரிப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் ஆடியோ சிடியில் ஒரு விநாடிக்கே சுமார் 176 கிலோபைட் ஆகிறது. 40 விநாடி பிடித்துவைக்க, பல பிளேயர்கள் பாட்டின் டேட்டாவைச் சுருக்கித்தான் வைக்கின்றன, அதில் தரம் கொஞ்சம் குறையும். இரண்டுக்கும் தனித்தனியாகப் பட்டன் இருந்தால், உட்கார இடம் கிடைத்த நாளில் 10, தொங்கிக்கொண்டு போகிற நாளில் 40. எம்பி3 படிக்கிற மாடல் சிக்கினால் விடாதீர்கள். 128 கேபிபிஎஸ் (விநாடிக்கு 128 கிலோபிட்) எம்பி3 பாட்டு, ஆடியோ சிடிப் பாட்டு பிடிக்கும் இடத்தில் பதினொன்றில் ஒரு பங்குதான் பிடிக்கும், அதே மெமரியில் நிறைய நேரம் தங்கும். அழித்து அழித்து எழுதும் சிடி-ஆர்டபிள்யூ மட்டும் வேண்டாம், அதன் பளபளப்பு குறைவு என்பதால் பழைய பிளேயர்கள் பல அதைக் கண்டுகொள்ளாது.

பைக்குள் தளர்வாக ஆடவிடாமல் ஒரு துண்டில் சுற்றி, மடியிலோ மார்போடோ அணைத்துக்கொள்ளுங்கள். நேராக மேலும் கீழும் குலுங்குவதை விட, வெடுக்கென்று திருப்புவதுதான் சுழலும் சிடியை அதிகம் படுத்தும்.

செல் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். கடிகாரத்துக்குப் போடும் மலிவு செல் இதற்குத் தாங்காது. ரீசார்ஜ் செல்லும் சார்ஜரும் வாங்கிவிடுங்கள். அது 1.5 வோல்ட் இல்லை, 1.2 தான். அதனால் தீர்வதற்கு முன்பே பேட்டரிக் குறி மினுக்கினால் பதற வேண்டாம். வீட்டில் அடாப்டர் செருகுவதானால் பிளேயரில் போட்டிருக்கும் வோல்ட்டும், பின் நடுவில் பிளஸ்ஸா மைனஸா என்ற படமும் பொருந்துகிறதா என்று பாருங்கள். சந்தையில் ‘எல்லாத்துக்கும் சேரும்’ என்று தரும் அடாப்டரை நம்பாதீர்கள்.

லென்ஸைத் துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பட்ஸ் போதும். அதற்கு முன் ரப்பர் ஊதியால் தூசியை ஊதிவிடுங்கள். லென்ஸ் மெல்லிய கம்பிகளில் மிதந்துகொண்டிருக்கிறது, அழுத்தினால் கதை முடிந்தது. சிடியை நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் துடையுங்கள், வட்டமாக வேண்டாம். இன்னொன்று, பாட்டுப் பதிந்த படலம் இருப்பது அச்சடித்த பக்கத்துக்குச் சற்றே அடியில். பளபளக்கும் பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பிளாஸ்டிக் காவல் இருக்கிறது, அங்கே சின்னக் கீறல் விழுந்தால் பெரும்பாலும் பாடிவிடும். அச்சடித்த பக்கம் உரிந்தால் அந்தப் பாட்டு போச்சு.

ஏசி ஆபீசிலிருந்து வெளியே எடுத்ததும் லென்ஸில் ஆவி படிந்து ‘நோ டிஸ்க்’ என்று காட்டும், மழைக்காலத்தில் இன்னும் அதிகம். துடைக்கப் போகாதீர்கள். பிளாட்பாரத்தில் சற்று நேரம் மூடியைத் திறந்து வைத்திருங்கள், தானாகச் சரியாகிவிடும்.