மலையிலிருந்து பிஜிஎம்ஐ: புதியவருக்கு ஆட்டம் சொல்லிக்கொடுப்பது எப்படி

பிஜிஎம்ஐ (Battlegrounds Mobile India) என்பது போனில் ஆடும் ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு. ஊட்டி, கோத்தகிரி, கூடலூர் பக்கம் ஸ்குவாட் (நாலு பேர் அணி) சேர்க்கும்போது நாலு பேரில் ஒருவர் புதியவராக இருப்பது சாதாரணம். பழகினவர்கள் பெரும்பாலும் செய்வது, "என் பின்னாடியே வா" என்று சொல்லிவிட்டு எதிராளிகளைத் தாங்களே அடித்து முடிப்பது. ரேங்க் ஏறும், கை தேறாது. தனியாக விட்டால் இறங்கின வீட்டிலேயே அவுட் ஆவார். அவருக்கு முதலில் வர வேண்டியது குறி அல்ல. ஆள் எங்கே இருக்கிறான் என்று கேட்டு, பார்த்து, நாலு வார்த்தையில் சொல்லத் தெரிய வேண்டும். குறி தன்னால் பின்னால் வரும்.

போனும் நெட்டும்

பனிமூட்டம் வந்தால் நெட் போகும் என்பார்கள். செல்போன் அலைகளை மூட்டம் பெரிதாகத் தொடுவதில்லை. வீட்டுக்கும் டவருக்கும் நடுவே மேடு நிற்பது, மரம் விழுந்து கரண்ட் போவது, மே மாத சீசனில் சுற்றுலாக் கூட்டம் ஒரே டவரில் குவிவது, இவைதான் உண்மைக் காரணம். பள்ளத்தில் இருக்கும் லைன் வீட்டில் அறைக்கு அறை சிக்னல் மாறும். எந்த மூலையில் நிலையாக இருக்கிறது என்று ஆடும் முன்பே பார்த்து வைக்கச் சொல்லுங்கள். பிங் (போனிலிருந்து சர்வருக்குத் தகவல் போய்வரும் நேரம், மில்லிவினாடியில்) 70-ல் அசையாமல் நின்றால் தாராளமாக ஆடலாம். 40-க்கும் 200-க்கும் குதிக்கிற நெட்தான் ஆளைக் கொல்லும்: சுவருக்குப் பின்னால் ஒளிந்த பிறகும் அடி விழும், புதியவரோ தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வார். வீட்டில் பைபர் இருந்தால் ரூட்டர் உள்ள அறையிலேயே 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஆடட்டும். பழைய கல் சுவரை அந்த அலை எளிதில் தாண்டாது.

மேப்களைத் தனியாக இறக்க வேண்டும் என்பது புதியவருக்குத் தெரியாது. அவரிடம் மேப் இல்லாமல் லாபியில் எல்லோரும் காத்திருக்க நேரும். லிவிக், எராங்கெல் இரண்டையும் முந்தின நாளே இறக்கச் சொல்லிவிடுங்கள்.

டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்தில் விரல் விறைத்து, டச் செய்தது பதியாது. கையைச் சூடாக்கித் துடைத்துவிட்டு உட்கார வேண்டும். ஈர விரலும் திரையைக் குழப்பும். குளிரில் பேட்டரி 15 சதவீதம் காட்டும்போதே போன் அணைந்துவிடலாம், அதனால் 40-க்குக் கீழே மேட்ச் தொடங்க வேண்டாம்.

இயர்போன் கட்டாயம், அதுவும் ஒயர் உள்ளது. புளூடூத்தில் காலடிச் சத்தம் கொஞ்சம் தாமதித்து வரும், அந்தத் தாமதத்துக்குள் ஆள் கதவைத் தாண்டி உள்ளே வந்திருப்பான். தென்மேற்குப் பருவமழை தகரக் கூரையில் கொட்டும்போது இயர்போன் போட்டாலும் காலடி கேட்காது. அப்போது மினி மேப்பில் தெரியும் கால்தடக் குறியையும் துப்பாக்கிக் குறியையும் பார்க்கப் பழக்குங்கள்.

டிரெயினிங் கிரவுண்ட்

துப்பாக்கி இரண்டு போதும். கிட்டத்துக்கு யுஎம்பி45, நடுத்தூரத்துக்கு எம்416. ஏகேஎம் அடி பலம்தான், ஆனால் அதன் ரீகாயில் (சுடும்போது துப்பாக்கி மேலே உதைப்பது) புதியவரைச் சலிப்படைய வைக்கும். அது பிறகு.

உங்கள் சென்சிட்டிவிட்டி (விரல் அசைவுக்குத் திரை எவ்வளவு வேகமாகத் திரும்பும் என்ற அமைப்பு) கோடை அப்படியே தூக்கிக் கொடுக்காதீர்கள். திரை அளவு, பிரேம் ரேட், கைரோ சென்சார் எல்லாம் போனுக்குப் போன் வேறு. ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டும் ஸ்கோப்) போட்ட எம்416-ஐக் கொடுத்து, 50 மீட்டரில் ஒரு இலக்கைக் காட்டி, 30 குண்டையும் ஒரே மூச்சில் அடிக்கச் சொல்லுங்கள். விரலைக் கீழே இழுத்தும் குண்டு மேலேறினால் ரெட் டாட்டின் ஏடிஎஸ் (சுட்டுக்கொண்டே விரலை இழுக்கும்போதுள்ள) சென்சிட்டிவிட்டியை ஐந்து ஐந்தாகக் கூட்டுங்கள், இலக்குக்குக் கீழே போனால் குறையுங்கள். ஒரே நாளில் எல்லா ஸ்கோப்புக்கும் செய்ய வேண்டாம். அடுத்து டிடிஎம் (டீம் டெத்மேட்ச்). நாலுக்கு நாலு, 40 கில்லில் முடியும், செத்தாலும் உடனே திரும்பி வரலாம். பயம் தெளிய அதைவிட நல்ல இடம் இல்லை.

கால் (call) கொடுப்பது: ஆள் இருக்கும் இடத்தைச் சொல்வது

வாய்ஸ் 'டீம்' என்றே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 'ஆல்' என்று விட்டால் பக்கத்தில் இருக்கும் எதிராளிக்கும் கேட்கும்.

புதியவர் பதற்றத்தில் "அங்க இருக்கான், அங்க, மரத்துக்குப் பின்னாடி!" என்பார். யாருக்கும் பயனில்லை. திரையின் மேலே உள்ள திசைமானியில் 15, 30, 60, 75 என்று எண் ஓடும். ஆளை நேராகப் பார்த்தபடி நடுவில் நிற்கும் எண்ணை முதலில் சொல்ல வேண்டும். பிறகு தூரம், அடையாளம், எத்தனை பேர். "165, நூறு மீட்டர், சிவப்புக் கூரை, மாடியில ரெண்டு பேர்." அவ்வளவுதான். இந்த வரிசை மாறவே கூடாது, ஏனென்றால் எண்ணைக் கேட்ட நொடியே மற்ற மூவரும் திரும்பிவிடுவார்கள். மிச்சத்தைத் திரும்பிக்கொண்டே கேட்கலாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அந்த எண் சொல்பவர் நிற்கும் இடத்துக்கு மட்டுமே சரி. உங்களுக்கும் அவருக்கும் நூறு மீட்டர் இடைவெளி, ஆளும் அதே தூரம் என்றால் அவருடைய 165 உங்களுக்கு 120 ஆகவும் இருக்கலாம். சேர்ந்து நிற்கும்போது எண், பிரிந்து நிற்கும்போது மேப்பில் மார்க் என்று பிரித்துச் சொல்லிக்கொடுங்கள்.

அடி வாங்கியதும் "செத்தேன்" என்பதற்குப் பதில் "240-லேருந்து அடிக்கிறான், நான் கல்லுக்குப் பின்னாடி" என்று சொல்லப் பழக வேண்டும். நாக் ஆகி, அதாவது சுட முடியாமல் தவழும் நிலைக்கு விழுந்த பிறகும் வாய் ஓயக் கூடாது. தவழ்ந்துகொண்டே எதிராளி எங்கே நகர்கிறான் என்று சொல்பவர், துப்பாக்கி இல்லாமலேயே ஆட்டத்தில் இருக்கிறார். சண்டை நடக்கும்போது மட்டும் வேறு பேச்சு வேண்டாம்.

பிழை செய்தால் மைக்கில் திட்டாதீர்கள். திட்டு வாங்கியவர் அடுத்த மேட்ச்சில் கால் கொடுக்கவே தயங்குவார், அதோடு படிப்பு நின்றது.

லூட் (கண்டெடுக்கும் சாமான்), மருந்து, ரிவைவ்

புதியவர் குண்டாகவே பை நிறைப்பார். எம்416-க்கான 5.56 குண்டு 150 போதும். மிச்ச இடத்தில் ஃபர்ஸ்ட் எய்ட் 4 அல்லது 5, எனர்ஜி டிரிங்க் 5, ஸ்மோக் (புகைக்குண்டு) 3. பேண்டேஜும் ஃபர்ஸ்ட் எய்டும் ஹெல்த்தை 75 வரைதான் ஏற்றும். அதற்கு மேல் டிரிங்க், பெயின்கில்லர் அல்லது மெட்கிட் வேண்டும். இது தெரியாமல் 75-க்கு மேல் பேண்டேஜ் போடப் பார்த்து நிற்பவர்கள் நிறைய.

ரிவைவுக்கு (நாக் ஆனவரை எழுப்புவதற்கு) ஏறக்குறைய 10 வினாடி ஆகும், அதுவரை இருவருமே இலக்குதான். ஸ்மோக் முதலில், ஆள் பிறகு. ஸ்மோக்கை நாக் ஆனவர் மேல் போடாமல், அவருக்கும் எதிராளிக்கும் நடுவே போட்டு, புகை விரியும் வரை பொறுத்துப் போக வேண்டும்.

மேட்ச் வரிசை

அன்ரேங்க்டில் (ரேங்க் கணக்கில் சேராத மேட்ச்சில்) தொடங்குங்கள். முதலில் லிவிக்: 52 பேர், 2 கிலோமீட்டர் சதுரம், கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். எராங்கெல் 8 கிலோமீட்டர், 100 பேர். அங்கே புதியவர் இருபது நிமிடம் லூட் மட்டும் எடுத்துவிட்டு ஒரே குண்டில் வெளியேறுவார். விமானத்திலிருந்து குதிக்கும்போது உங்களை 'ஃபாலோ' செய்ய விடுவது முதல் சில மேட்ச்சுக்கு மட்டும். பிறகு அவர் மார்க் போடட்டும், நீங்கள் அவரை ஃபாலோ செய்யுங்கள்.

ஒவ்வொரு முறை அவுட் ஆனதும் டெத் ரீப்ளேயைப் போட்டு ஒரே கேள்வி கேளுங்கள்: "அவன் உன்னை எப்போ பார்த்தான்?" பெரும்பாலும் திறந்தவெளியில் ஓடியபோது, அல்லது சுட்ட இடத்திலிருந்தே மறுபடி எட்டிப் பார்த்தபோது. ஒரு சாவுக்கு ஒரு பாடம் போதும்.

18 வயதுக்குக் கீழே இருப்பவருக்கு ஒரு நாளில் 3 மணி நேரம்தான், பெற்றோர் ஒப்புதலும் வேண்டும். அப்பா போனில் பெரியவர் கணக்கைத் திறந்து கொடுத்து இதைத் தாண்ட உதவாதீர்கள். நுழைவுக் காசு கட்டிப் பரிசுக்கு ஆடும் கஸ்டம் ரூம் பக்கமும் அழைத்துப் போகாதீர்கள். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் தடை செய்கிறது.

லிவிக்கில் நீங்கள் கேட்காமலே புதியவர் எண்ணும் தூரமும் சொல்லத் தொடங்கிவிட்டால் எராங்கெலுக்கு அழைத்துப் போங்கள். அங்கே முதல் மேட்ச்சில் எங்கே இறங்குவது, எப்போது ஜோனுக்குள் (சுருங்கிக்கொண்டே வரும் பாதுகாப்பு வட்டத்துக்குள்) நகர்வது என்பதை அவரே முடிவு செய்யட்டும். தப்பான வீட்டைத் தேர்ந்தெடுத்தாலும் அந்த வீட்டுக்கே போங்கள்.