நண்பன் விட்டுப்போன கசெட்டுகளை என்ன செய்வது?

இறந்தவருக்குச் செய்யும் சடங்கான அந்தியேட்டி முடியும்வரை எதையும் தொட வேண்டாம். முதலில் ஞாபகத்தில் இருக்கும் பாட்டுகளை ஒரு கொப்பியில் எழுதுங்கள். பெயர் மட்டும் போதாது, எங்கே கேட்டது, யார் காசு கொடுத்தது என்பதும் வேண்டும். என் கொப்பியில் முதல் வரி: வெள்ளவத்தை ரெக்கோடிங் பார் (பாட்டு பதிந்து தரும் கடை), 90 நிமிடக் கசெட், பாதிக் காசு அவனுக்கு நான் இன்னும் தரவில்லை.

அப்புறம் கசெட்டுகள். கொழும்பின் ஈரக்காற்றில் பூஞ்சணம் சும்மா விடாது. நாடாவில் வெள்ளைப் பொடி தெரிந்தால் பிளேயரில் போடவே கூடாது, வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். சுத்தமாக இருந்தால் மேல் விளிம்பில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளையும் உடைத்துவிடுங்கள், பிறகு தவறுதலாக மேலே பதிய முடியாது. ஒருமுறை கடைசிவரை சுற்றி, திருப்பியும் சுற்றிவிட்டு, பிளேயரின் ஹெட்போன் துளையிலிருந்து கணினியின் லைன்-இன்னுக்கு வயர் கொடுத்து, ஒடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதியுங்கள். அதில் ஒலியளவு காட்டும் கோடு சிவப்பைத் தொடக் கூடாது. 90 நிமிடக் கசெட்டுக்கு 90 நிமிடமும் உட்காரத்தான் வேண்டும், பக்கத்துக்கு 45.

சரி, இரைச்சலை நீக்கலாமா? நீக்குவதென்றால் பிரதியில் மட்டும். எங்கள் கசெட் ஒன்றில் பாட்டு முடிந்தும் நண்பன் பட்டனை அமத்த மறந்திருக்கிறான். அவன் இருமலும், 'தேத்தண்ணி ஆறுது' என்று அவன் அம்மா கூப்பிடுவதும் அதில்தான் இருக்கிறது.

அம்மாவிடம் கேட்காமல் அதை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

பாட்டுகளைக் கேட்பதற்கு நான் சொல்லும் இடம் கொழும்புக் கோட்டையிலிருந்து வெள்ளவத்தைக்குப் போகும் ரயில், வலப்பக்க ஜன்னல், கடல் தெரியும்.