மெழுகில்லா ஸ்கீயில் பிடிப்பு ஏன் போகிறது? தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சை, திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து ஸ்வீடனுக்கும் பின்லாந்துக்கும் கனடாவுக்கும் படிக்கவும் வேலை பார்க்கவும் செல்லும் பிள்ளைகளில் பலர், முதல் குளிர்காலத்திலேயே பனித்தரையில் வழுக்கி நடக்கக் காலில் பூட்டிக்கொள்ளும் நீண்ட பலகைகளான கிராஸ் கன்ட்ரி ஸ்கீயில் ஒரு ஜோடி வாங்கிவிடுகிறார்கள். புதிதாகப் பழகுபவர்களுக்குக் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் ‘வாக்ஸ்லெஸ்’, அதாவது மெழுகில்லா வகை. வட ஸ்வீடனின் உமேயோவில் ஒன்பது குளிர்காலங்களைக் கழித்துவிட்டு இப்போது சுவாமிமலைக்கு அருகே வசிக்கும் எனக்கு, ஒவ்வொரு ஜனவரியிலும் இவர்களிடமிருந்து தவறாமல் ஒரு கேள்வி வரும்: “மாமா, ஏத்தத்துல கால் பின்னாடியே வழுக்குது, ஸ்கீ கெட்டுப்போச்சா?” பெரும்பாலும் ஸ்கீ கெட்டிருக்காது. மெழுகு வேண்டாம் என்றால் பராமரிப்பும் வேண்டாம் என்று அந்தப் பெயரை நம்பியதுதான் கோளாறு.

பிடிப்பு எப்படி உண்டாகிறது என்பதைக் கெண்டை மீன் வாங்கிப் பழகியவர்களுக்கு எளிதாகச் சொல்லிவிடலாம். மீனைத் தலையிலிருந்து வாலை நோக்கித் தடவினால் கை வழுக்கிக்கொண்டு போகும். வாலிலிருந்து தலையை நோக்கித் தடவினால் ஒவ்வொரு செதிலும் விரலைத் தடுக்கும். மெழுகில்லா ஸ்கீயின் அடிப்புறத்தில், பாதத்துக்குக் கீழேயும் அதற்குச் சற்று முன்னேயும், இதே போன்ற செதில்கள் வெட்டப்பட்டிருக்கும். இன்னொரு வகையில் செதிலுக்குப் பதிலாக அங்கோரா ஆட்டின் உரோமமான மோஹேர், தனியாகவோ நைலான் கலந்தோ, பட்டையாக ஒட்டப்பட்டிருக்கும். இதை ஸ்கின் ஸ்கீ என்பார்கள். அல்தாய் மலைமக்கள் தங்கள் மரப்பலகைகளின் அடியில் குதிரைத் தோலை உரோமத்தோடு போர்த்திப் பனிமேட்டில் ஏறியதும் இதே உத்தியால்தான்.

ஆனால் செதிலும் உரோமமும் பனியைத் தொட்டால்தான் பிடிக்கும். ஸ்கீ தட்டையான பலகையன்று; நடுப்பகுதி வில்போல் மேலே வளைந்திருக்கும். இரண்டு கால்களிலும் சம பாரம் இருக்கும்போது அந்த நடுப்பகுதி பனியில் அழுந்தாமல் நிற்பதால் ஸ்கீ வழுக்கிச் செல்கிறது. முழுப் பாரத்தையும் ஒரே காலில் இறக்கும்போது வில் அமுங்கிச் செதில் பனியில் பதிகிறது.

ஆகவே உடல் எடைக்குப் பொருந்தாத ஸ்கீயை வாங்குவது, பின்னால் எந்தப் பராமரிப்பாலும் சரிசெய்ய முடியாத தவறு. சென்ற ஆண்டு விடுமுறைக்கு வந்த ஒரு பையன், அறைத்தோழனிடம் மலிவாக வாங்கிய ஸ்கீயை, திரும்பிப் போகும் வழியில் காஷ்மீரின் குல்மார்க் பனிமலைக்குச் சென்று பழகுவதற்காகக் கையோடு கொண்டுவந்திருந்தான். எங்கள் வீட்டு வழவழப்பான திண்ணையில் அதை வைத்து, அவனை மேலே ஏற்றி, பாதத்துக்கு நேர்கீழே, ஸ்கீக்கும் தரைக்கும் இடையில் ஒரு தாளைச் செருகினேன். இரண்டு கால்களிலும் நின்றபோது தாள் தாராளமாக முன்னும் பின்னும் நகர்ந்தது; அப்படித்தான் நகர வேண்டும். ஆனால் ஒற்றைக் காலில் முழுப் பாரத்தோடு நின்றபோதும் தாள் சிக்காமல் என் கையோடு வந்துவிட்டது. விற்றவன் இவனைவிட நல்ல கனம். அவன் எடைக்கு அமைந்த வில், இவன் எடைக்கு அமுங்கவே இல்லை. காலணியைப் பூட்டும் பைண்டிங்கை நகர்த்தக்கூடிய ஸ்கீயானால் அதைச் சற்று முன்னால் தள்ளிப் பிடிப்பைக் கொஞ்சம் கூட்டலாம், ஆனால் இவ்வளவு பெரிய வித்தியாசத்தை அதனால் ஈடுகட்ட முடியாது.

எடை பொருந்தியும் வழுக்கினால் அடுத்துப் பார்க்க வேண்டியது காலை ஊன்றும் விதம். ஐப்பசி மழையில் ஊறிய வரப்பில் அரைப்பாரத்தோடு தயங்கிக் கால் வைப்பவர்தான் வழுக்கி வயலில் விழுவார். ஏற்றத்தைக் கண்டதும் பயந்து முன்பக்கம் குனிந்து, பாரத்தை இரு கால்களுக்கும் பங்கிட்டுக்கொண்டு, காலைப் பின்னோக்கி உதைப்பதே புதியவர்கள் வழக்கமாகச் செய்வது; உதை பின்னோக்கிப் போகாமல் நேர்கீழாக, முழு உடலும் அந்த ஒரு காலின் மேல் நிற்கும்படி இறங்க வேண்டும். மேடு மிகவும் செங்குத்தாக இருந்தால் நேராக ஏறுவதில் பிடிவாதம் வேண்டாம், முனைகளை விரித்து மீன்முள் போலத் தடம் பதித்து ஏறலாம்.

இனி மெழுகுக்கு வருகிறேன், ஏனெனில் பெரும்பாலான தொல்லைகள் இங்கேதான் தொடங்குகின்றன. தேவையில்லை என்று சொல்லப்படுவது பிடிப்புக்கான மெழுகு மட்டுமே. முன்முனையும் பின்முனையும் வழுக்கிச் செல்ல வேண்டிய பகுதிகள். அவற்றுக்குக் கிளைடு மெழுகு எப்போதும் வேண்டும். செதில் பகுதிக்கும் பனி ஒட்டாமல் காக்கும் திரவத்தைத் தடவ வேண்டும். பிடிப்பு போய்விடும் என்று அஞ்சி அதை வெறுமையாக விடுபவர்கள், வெப்பநிலை பூஜ்யம் டிகிரியைச் சுற்றி இருக்கும் நாளில் புதுப்பனி விழுந்தால் தவிப்பார்கள். நடவு வயலின் சேறு காலில் அப்புவதைப்போல ஈரப்பனி செதிலுக்குள் அப்பி, உறைந்து, கட்டியாகிவிடும். அதன் பிறகு ஸ்கீ வழுக்கவும் செய்யாது, சரியாகப் பிடிக்கவும் செய்யாது.

இந்தக் கட்டியை நாமே உண்டாக்குவதும் உண்டு. சூடான அறையிலிருந்தோ காரிலிருந்தோ எடுத்த ஸ்கீயை உடனே பனியில் வைத்தால், அதன் வெதுவெதுப்பில் பனி உருகி நீராகி, அடுத்த நிமிடமே செதிலுக்குள் உறைகிறது. கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன்பாகவே ஸ்கீயை வெளியே சாய்த்து வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. அப்படியும் உறைந்துவிட்டால் கத்தியாலோ இரும்புச் சுரண்டியாலோ கீறாமல், பிளாஸ்டிக் சுரண்டியால் செதிலின் போக்கிலேயே முன்னிருந்து பின்னாக மெல்லத் தள்ள வேண்டும். செதிலின் கூர்முனை மழுங்கிவிட்டால் திரும்ப வராது. பனி கரைந்து சரளைக்கல் தெரியும் பாதையில் ஸ்கீயோடு நடப்பதை நான் அறவே கூடாது என்பதும் அதனால்தான்.

மெழுகிட இஸ்திரிப்பெட்டி போன்ற கருவியைப் பயன்படுத்துபவர்கள் செதிலின் மேல் அதை ஓட்டிவிடக் கூடாது. சூட்டில் செதில் சிதையும், உருகிய மெழுகு பள்ளங்களை அடைத்துவிடும். உரோமப் பட்டையில் ஒரு துளி மெழுகு வழிந்தாலும் உரோமம் ஒட்டிக்கொள்ளும் என்பதால், வேலையைத் தொடங்குமுன் அதன்மேல் ஒட்டுநாடாவை ஒட்டி மறைத்துவிட வேண்டும். பழைய கையிருப்பில் ஃபுளோரின் கலந்த மெழுகு கிடைத்தால் அதை வாங்க வேண்டாம். சுற்றுச்சூழலிலும் உடலிலும் நெடுங்காலம் அழியாமல் தங்கும் பொருள் அது. சர்வதேசப் போட்டிகளிலேயே 2023–24 பருவத்திலிருந்து முழுமையாகத் தடை செய்துவிட்டார்கள்.

உரோமப் பட்டைக்கு எண்ணெயும் அழுக்கும்தான் பெரிய எதிரி. ஊர் திரும்பியபோது நான் கொண்டுவந்த ஸ்கின் ஸ்கீயை, நீளமாக இருக்கிறதே என்று அடுப்படிப் பரணில் ஏற்றி வைத்தேன். ஒரு வருடத் தாளிப்புப் புகையும் தூசியும் அதில் படிந்திருந்ததைக் கவனிக்காமல் அடுத்த பிப்ரவரியில் குல்மார்க்குக்கு எடுத்துச் சென்றேன். பட்டையை எதிர்த்திசையில் தடவினால் உரோமம் சிலிர்த்து விரலைத் தடுக்க வேண்டும். அன்று அது பிசுபிசுவென்று படிந்தே கிடந்தது, சிறு மேட்டில்கூட நிற்க முடியவில்லை. அன்று மாலை, ஸ்கின்னுக்கென்று விற்கும் திரவத்தை ஒரு துணியில் நனைத்துத் துடைத்தபோது துணி மூன்று முறை பழுப்பாயிற்று. திரவத்தை நேரடியாகப் பட்டையின் மேல் ஊற்றினால் அடியிலுள்ள பசை விட்டுப்போகலாம், ஆகவே துணியில்தான் ஊற்ற வேண்டும். கடைசித் துடைப்பு உரோமம் படுத்திருக்கும் திசையில் இருக்கட்டும். நன்றாகக் காய்ந்த பிறகு, நீரை உறிஞ்சாமல் காக்கும் திரவத்தையும் தடவினால் அடுத்த நாள் பட்டை உறையாது.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது: பகலில் உருகி இரவில் மீண்டும் உறைந்து கண்ணாடியாகிவிட்ட தடத்தில், எவ்வளவு நன்றாகப் பேணிய செதிலும் வழுக்கத்தான் செய்யும், ஏனெனில் அது பதிவதற்கு அங்கே மென்மையான பனியே இல்லை. அத்தகைய நாளில் ஸ்கின் வகை ஓரளவு தாக்குப்பிடிக்கும். செதில் ஸ்கீ மட்டுமே வைத்திருப்பவர்கள் அதைக் குறை சொல்லாமல், வெயில் ஏறித் தடம் சற்று இளகும்வரை பொறுத்திருந்து கிளம்பலாம்.

வீடு திரும்பியதும் ஈர ஸ்கீயை அப்படியே உறையில் போட்டுக் கட்டிவிடாமல், துடைத்து அறை வெப்பத்தில் சாய்த்து வைத்து உலர்த்த வேண்டும். சீக்கிரம் காயட்டும் என்று ஹீட்டர் அருகே வைத்தால் பட்டையின் பசை இளகிவிடும். பருவம் முடிந்து ஊருக்குக் கொண்டுவருபவர்கள், சித்திரை வெயில் காயும் மொட்டைமாடி அறையையும் அடுப்படிப் பரணையும் விட்டுவிட்டு, காற்றோட்டமுள்ள உள்ளறையில், சுத்தமான பருத்தித் துணியைச் சுற்றி நிறுத்தி வைக்கலாம்.