காய்ச்சலை அளப்பது எப்படி: 100.4-ம் 38-ம் ஒன்றுதான்

நம் ஊரில் வெயிலைச் செல்சியஸில் சொல்கிறோம், காய்ச்சலை ஃபாரன்ஹீட்டில் சொல்கிறோம். "வெளியே 40, பிள்ளைக்கு 101" என்றால் யாருக்கும் குழப்பமில்லை. புது டிஜிட்டல் தெர்மாமீட்டர் 38.3 என்று காட்டும்போதுதான் திகைப்பு. அதுவும் 101-தான்.

மாற்றுவதற்கு மனக்கணக்கே போதும். செல்சியஸை இரண்டால் பெருக்கி, வந்ததில் பத்தில் ஒரு பங்கைக் கழித்து, 32 கூட்டுங்கள். 38-ஐ இரட்டித்தால் 76, அதில் 7.6 போக 68.4, 32 சேர்த்தால் 100.4. ஏற்ற இறக்கத்தைச் சொல்லும்போது மட்டும் 32-ஐச் சேர்க்கக் கூடாது. காய்ச்சல் 1 டிகிரி செல்சியஸ் குறைந்தால் ஃபாரன்ஹீட்டில் 1.8 குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அக்குளில் அளப்பதானால் முதலில் வியர்வையைத் துடைத்துவிடுங்கள். ஈரம் அளவைக் குறைத்துக் காட்டும். உலோக முனை குழியின் நடுவில் தோலைத் தொட வேண்டும், சட்டைத் துணி இடையில் வரக் கூடாது. கையை மார்போடு ஒட்டி மடக்கி வைக்கவும். பீப் அடித்ததும் எடுத்துவிடாமல் இன்னும் ஒன்றிரண்டு நிமிடம் விட்டால் எண் கொஞ்சம் ஏறுவதைப் பார்க்கலாம். அப்படியும் வாயில் அளப்பதைவிட அரை முதல் 1 டிகிரி ஃபாரன்ஹீட் குறைவாகத்தான் வரும். நாமாக எதையும் கூட்டிச் சொல்ல வேண்டாம்; "அக்குளில் 100" என்று டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள்.

வாயில் என்றால் நாக்குக்கு அடியில், உதடு மூடியிருக்க வேண்டும். காபியோ ஐஸ் தண்ணீரோ குடித்திருந்தால் அரை மணி நேரம் பொறுங்கள். பழைய பாதரசத் தெர்மாமீட்டரை உதறி 95-க்குக் கீழே இறக்காவிட்டால் நேற்றைய காய்ச்சலைத்தான் இன்றும் காட்டும். நெற்றிக்கு நேரே பிடிக்கும் துப்பாக்கி மாதிரி கருவி அவசரத்துக்கு உதவும். வெயிலில் இருந்து வந்தவரையோ ஏசி அறையில் இருப்பவரையோ அளந்தால் ஏமாற்றும்.

கையால் தொட்டுப் பார்ப்பதை நம்ப முடியாது. காய்ச்சல் ஏறும் நேரத்தில் தோலுக்கு வரும் ரத்தம் குறைவதால் கை கால் சில்லிட்டு, உடம்பு நடுங்கும். "குளிருது" என்கிற பிள்ளைக்கு உள்ளே 103 இருக்கலாம்.

இயல்பான உடம்புச் சூடு 98.6 என்பதும் கல்வெட்டு அல்ல. 19-ம் நூற்றாண்டில் ஜெர்மன் மருத்துவர் வுண்டர்லிஷ் சொன்ன 37 செல்சியஸ் சராசரியை மாற்றியதால் அந்தத் தசமப் புள்ளி வந்தது. விடியற்காலையைவிட மாலையில் உடம்புச் சூடு இயல்பாகவே கூடும். சாயங்காலம் 99 என்றால் மாத்திரை தேடத் தேவையில்லை. பொதுவாக 100.4-ல் இருந்துதான் காய்ச்சல். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அந்த அளவு வந்தாலே அன்றே டாக்டரிடம் போக வேண்டும். 95-க்குக் கீழே போவதும் ஆபத்துதான்.

அளவை எழுதும்போது நேரத்தையும், கடைசியாக எப்போது பாராசிட்டமால் கொடுத்தீர்கள் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். மாத்திரை போட்டு இரண்டு மணி நேரத்தில் எடுத்த 99-ஐ வைத்துக் காய்ச்சல் விட்டது என்று சொல்ல முடியாது.

கடும் வெயிலில் வேலை செய்தவருக்கு உடம்பு கொதித்து, பேச்சு குழறினால் அது வெப்பத் தாக்கமாக இருக்கலாம். 104 தாண்டியதா என்று அளந்துகொண்டு நிற்காதீர்கள். பாராசிட்டமாலும் அதற்கு உதவாது. 108-க்குப் போன் செய்துவிட்டு, நிழலில் படுக்கவைத்து, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள்.