வீட்டு வெப்பச் செலவுக்கு அரசு உதவி: வருமானக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக வைத்திருக்க ஆகும் செலவில் ஒரு பங்கை ஏற்கும் திட்டம், 1981-இல் சட்டமான 'லைஹீப்'. பணம் மத்திய அரசுடையது. வருமான வரம்பை வகுப்பவை மாநிலங்கள். இதைக் கவனிக்காமல், வேறு மாநிலத்தில் வசிக்கும் உறவினர் சொன்ன தொகையைத் தமக்கும் வரம்பாக எடுத்துக்கொண்டு, விண்ணப்பிக்காமலே இருந்துவிடுவோர் பலர். வறுமைக்கோட்டின் 150 சதவீதம், மாநில இடைநிலை வருமானத்தின் (மாநிலக் குடும்பங்களில் பாதி அதற்கு மேலும் பாதி அதற்குக் கீழும் ஈட்டும் தொகை) 60 சதவீதம் ஆகிய இரண்டில் எது கூடுதலோ அதுவே சட்டம் அனுமதிக்கும் உச்சம். வறுமைக்கோட்டின் 110 சதவீதத்துக்குக் கீழே எந்த மாநிலமும் வரம்பை இறக்கக் கூடாது. பென்சில்வேனியா வறுமைக்கோட்டின் 150 சதவீத அளவையும் மாசசூசெட்ஸ் இடைநிலை வருமானத்தின் 60 சதவீத அளவையும் பின்பற்றுவதால், ஓரிடத்தில் தகுதியற்ற குடும்பம் இன்னோரிடத்தில் தகுதி பெறலாம்.

அடுத்தது சம்பளக் கணக்கு. பெரும்பாலான மாநிலங்கள் பார்ப்பது வங்கிக் கணக்கில் வந்து விழும் தொகையை அல்ல, வரியும் பிடித்தங்களும் போவதற்கு முன்பு சம்பளச் சீட்டில் இருக்கும் மொத்தத் தொகையை. 2025-ஆம் ஆண்டு வறுமைக்கோட்டின்படி, 150 சதவீத அளவுகோலில் நால்வர் குடும்பத்துக்கு வரம்பு 48,225 டாலர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 1,900 டாலர் வாங்கும் ஒருவர், மாதத்துக்கு இரண்டு சம்பளம் என்று 24-ஆல் பெருக்கினால் 45,600 வரும்; வரம்புக்குள் இருப்பதாக நிம்மதி அடைவார். ஆனால் ஆண்டில் அத்தகைய சம்பள நாள்கள் 26. எனவே அவருடைய வருமானம் 49,400, அதாவது வரம்புக்கு மேல்.

அதே வீட்டில் வருமானமில்லாத தாயும் சேர்ந்து வாழ்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வரிப் படிவத்தில் பெயர் இல்லை என்பதற்காக அவரை விட்டுவிடுவது வீண் இழப்பு, ஏனெனில் இங்கே குடும்பம் என்பது ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்து எரிபொருள் செலவைப் பொதுவாகச் சுமப்பவர்கள். ஐவர் குடும்பத்துக்கு வரம்பு 56,475 ஆக உயர்வதால், 49,400 வாங்குபவர் இப்போது தகுதி பெறுகிறார். இதே விதி மறுபக்கமும் வெட்டும்: வேலைக்குப் போகும் மகன் வீட்டில் இருந்தால் அவருடைய சம்பளத்தையும் காட்டியே ஆக வேண்டும்.

எந்தக் காலத்து வருமானம் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம். சில மாநிலங்கள் கடந்த ஒரு மாதத்தையும் சில பன்னிரண்டு மாதங்களையும் பார்க்கின்றன. ஒரு மாதத்தை மட்டும் பார்க்கும் இடத்தில், ஓவர்டைம் அதிகம் கிடைத்த மாதத்தை ஒட்டி விண்ணப்பிப்பது பாதகமாகலாம். அதற்காக நெடுநாள் காத்திருந்தாலும் ஒதுக்கிய நிதி தீர்ந்துவிடக்கூடும்.

வாடகையிலேயே வெப்பச் செலவும் அடங்கியிருப்பவர்கள் தமக்குத் தகுதியில்லை என்று தாமாகவே முடிவு செய்துவிடுகிறார்கள். சட்டத்தின் வரையறை அவர்களையும் உள்ளடக்குகிறது. இந்த உதவியை வாங்கினால் உணவு உதவி குறைந்துவிடும் என்ற அச்சமும் வேண்டாம், லைஹீப் தொகையை வருமானமாகக் கணக்கிடக் கூடாது என்று சட்டமே சொல்கிறது.

வருமானம் அதிகம் என்று மறுப்புக் கடிதம் வந்தால், அதில் எத்தனை பேரை, எந்தத் தொகையைக் கணக்கில் எடுத்திருக்கிறார்கள் என்பதைச் சம்பளச் சீட்டுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிழை இருந்தால் முறையான விசாரணை கோரும் உரிமை விண்ணப்பதாரருக்கு உண்டு.