படம் அழகு, கேம் வேறு: ஸ்டீம் பக்கத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சமீபத்தில் ஒரே வாரத்தில் மூன்று பேர் கணினி கேம்களை விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் தங்கள் கேமுக்கு வைத்திருக்கும் பக்கத்தைப் பார்த்துக் கருத்துச் சொல்லும்படி கேட்டார்கள். மூன்றையும் திறந்தேன். மூன்றிலும் என் முதல் கேமின் பக்கம்தான் கண்ணுக்குத் தெரிந்தது. அதே இருட்டு ஓவியம், அதே சுருள் எழுத்து, அரச பரம்பரையில் தொடங்கும் அதே அறிமுகம். எழுத்துப்பிழை, மங்கலான படம் போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. பக்கத்தை ஒருமுறை வாசித்தாலே அவை அகப்பட்டுவிடும்.

கேமுக்கு வேறொரு முகத்தை ஒட்டுவது

இதைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன். என் காசும் ஆறு மாதமும் போன இடம் இது.

என் முதல் கேம் ஒரு புதிர் கேம். கால்வாய் மதகுகளைத் திறந்து மூடி, நீர்மட்டத்தை ஏற்றி இறக்கி, படகுகளைக் கரை சேர்க்க வேண்டும். சண்டை கிடையாது, அவசரமும் கிடையாது. ஸ்டோரில் கேமின் முகமாக நிற்கும் படத்தை ஸ்டீம் 'கேப்சூல்' என்று சொல்லும்; அதைப் பல அளவுகளில் கேட்கும். அதற்காக ஒரு நல்ல ஓவியரைப் பிடித்தேன். "உணர்ச்சி இருக்கணும், கொஞ்சம் மர்மமும் இருக்கணும்" என்று மட்டும் சொன்னேன். அருமையாக வரைந்து கொடுத்தார். நிலா வெளிச்சத்தில் முகம் திருப்பி நிற்கும் ஒரு பெண், கன்னத்தில் ஒரு துளிக் கண்ணீர், பின்னால் மூடுபனி. அந்தப் பெண் கேமில் இருக்கிறாளா என்றால், இருக்கிறாள். ஒன்பதாவது லெவலில் வந்து இரண்டு வரி பேசிவிட்டுப் போவாள்.

அப்புறம் நடந்தது இதுதான். கதைப் பிரியர்கள் படத்தைப் பார்த்து உள்ளே வந்தார்கள், ஸ்கிரீன்ஷாட்டில் மதகுகளையும் எண்களையும் கண்டதும் திரும்பிப் போனார்கள். புதிர் பிரியர்களோ அது தங்களுக்கானது இல்லையென்று அந்தப் படத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள். வாங்கிய சிலரும் "கதை எங்கே?" என்று கேட்டு எதிர்மறை விமர்சனம் எழுதினார்கள். கேட்டதில் நியாயம் இருந்தது.

எனக்கு அப்போது இது புரியவில்லை. விலைதான் பிரச்சினை என்று நினைத்துத் தள்ளுபடி போட்டேன். டிரெய்லரை இரண்டு முறை மாற்றினேன். படத்தில் மட்டும் கை வைக்கவில்லை, ஏனென்றால் பார்த்தவர்கள் எல்லோரும் அதைத்தான் பாராட்டினார்கள். ஓவியர் மேல் துளியும் தவறில்லை, நான் கேட்டதைத்தான் வரைந்தார். இன்றைக்கும் அந்தப் படத்தைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. படம் நன்றாக இருப்பதால் எரிச்சல் இன்னும் கூடுகிறது.

ஸ்டோரில் மேய்பவர் முதலில் தேடுவது 'இது எந்த மாதிரி கேம்' என்ற விடையைத்தான். நிறம், எழுத்தின் வடிவம், படத்தின் கோணம் எல்லாம் சேர்ந்து அந்த விடையைச் சொல்லிவிடும். தடித்த எழுத்தும் வெளிர் நிறமும் மேலிருந்து பார்க்கும் கோணமும் இருந்தால் நிதானமாக எதையோ கட்டுகிற கேம் என்று மனம் பதிவு செய்துகொள்ளும். அழுகிற முகம் இருந்தால் கதை என்று எடுத்துக்கொள்ளும். நாம் உள்ளே என்ன செய்துவைத்திருக்கிறோம் என்பது அதற்கு அப்புறம்தான் வருகிறது.

இதோடு அளவுச் சிக்கலும் சேர்கிறது. ஓவியத்தைப் பெரிய திரையில் முழு அளவில் வைத்து நான் ரசித்துக்கொண்டிருந்தேன். ஸ்டீமோ சிறிய கேப்சூலிலிருந்து 184 × 69, 120 × 45 பிக்சல் படங்களைத் தானாகவே உருவாக்கிக்கொள்ளும். 120 பிக்சல் அகலத்தில் கண்ணீர்த் துளி எங்கே தெரியும்? என் சுருள் எழுத்து லோகோ வெறும் கீறலாகத்தான் தெரிந்தது. சிறிய கேப்சூலை லோகோவே கிட்டத்தட்ட நிரப்ப வேண்டும் என்று ஸ்டீமின் வழிகாட்டியிலேயே எழுதியிருக்கிறது. நான் படிக்கவில்லை.

இப்போது நான் செய்வது இது. என் கேமுக்கு வரப்போகும் டேகை, அதாவது கேமின் வகையைச் சொல்லும் குறிச்சொல்லைத் தேடி, அந்தப் பட்டியலை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்வேன். நடுவில் என் கேப்சூலை அதே சிறிய அளவில் ஒட்டுவேன். கேமைப் பற்றித் தெரியாத ஒருவரிடம் இரண்டு விநாடி காட்டிவிட்டு மூடிவிடுவேன். "நல்லாருக்கா?" என்று கேட்பதில்லை. கேட்டால் நல்லாருக்கு என்றுதான் சொல்வார்கள். "இதில் என்ன செய்யணும்னு தோணுது?" என்று கேட்பேன். பழைய படத்துக்கு "காதல் கதையா?", "பேய்க் கதையா?" என்றெல்லாம் பதில் வந்தது. புதுப் படத்தில் மேலிருந்து பார்க்கும் கோணத்தில் ஒரு மூடிய மதகும் அதன் இரு பக்கமும் வேறுவேறு மட்டத்தில் இரண்டு படகுகளும் வைத்தோம். "படகை ஏதோ பண்ணணும் போல" என்றார் ஒருவர். அது போதும். விஷ்லிஸ்ட், அதாவது பிறகு வாங்கலாம் என்று ஆட்கள் கேமைச் சேர்த்துவைக்கும் பட்டியல், மெல்ல ஏறத் தொடங்கியது. ஆனால் வெளியீட்டு வாரம் எப்போதோ முடிந்துபோயிருந்தது.

ஓவியரிடம் போகும்போது இன்னொன்றையும் கேட்டு வாங்குங்கள்: லோகோ, பாத்திரங்கள், பின்னணி மூன்றும் தனித்தனி லேயர்களாக வேண்டும். 920 × 430 படுக்கைப் படமும் வேண்டும், 748 × 896 நெட்டைப் படமும் வேண்டும். ஒட்டிய படமாக வாங்கினால் படகைப் பாதியில் வெட்ட வேண்டிவரும். வாங்கிய கேம்கள் இருக்கும் லைப்ரரிக்கான 3840 × 1240 படத்தில் எழுத்தே இருக்கக் கூடாது.

கேப்சூலில் விருது இலைகள்

விருது வாங்கியதைக் காட்டும் அந்த இலைச் சின்னங்களுக்கு 2022 செப்டம்பர் 1 முதல் ஸ்டீமில் அனுமதி இல்லை. ஓவியம், கேமின் பெயர், துணைத்தலைப்பு, அவ்வளவுதான்.

சுருக்க விவரிப்பில் வரலாற்றுப் பாடம்

சுமார் 300 எழுத்துகள்தான் இடம். அதில் முதல் இரண்டு வரி அரச வம்சத்துக்கும் சாபத்துக்கும் போனால் மிச்சத்தில் என்ன சொல்ல முடியும்? நான் எழுதியது: "ஆறுகள் மறந்துபோன ஒரு நாட்டில், ஒரு குடும்பத்தின் ரகசியம் விழித்தெழுகிறது." மதகு என்ற சொல்லே இல்லை. மாற்றி எழுதியது: "மதகுகளைத் திறந்து மூடி, நீர்மட்டத்தை மாற்றி, படகுகளை மோதவிடாமல் கரை சேர்த்துவிடுங்கள். தவறினால் ஒரு நகர்வு பின்னால் போகலாம், நேரக் கெடு இல்லை."

கவித்துவம் போய்விட்டது, வருத்தம்தான். ஆனால் ஆடுபவர் என்ன செய்வார் என்பது வினைச்சொற்களில் இருக்கிறது. 'தனித்துவமான', 'மறக்க முடியாத அனுபவம்' இரண்டையும் தேடி அழியுங்கள். பக்கத்துக் கேமும் அதையேதான் எழுதியிருக்கும்.

நல்ல லெவலை ஒளித்துவைப்பது

ஸ்கிரீன்ஷாட் குறைந்தது ஐந்து வேண்டும். ஐந்தையும் முதல் லெவலிலிருந்தே எடுத்திருந்தேன். பிந்தைய லெவல்கள் ஆடுபவருக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று எண்ணம். யாரும் அதுவரை வரவேயில்லை. ஏழு படகுகள் ஒரே நேரத்தில் சிக்கிக்கொள்ளும் லெவல்தான் இப்போது முதல் படம். மெனு, தலைப்புத் திரை, கான்செப்ட் ஓவியம், மேலே வாசகம் எழுதிய படம் எதுவும் வேண்டாம். ஸ்டீமும் அவற்றைக் கேட்கவில்லை, ஆடும் காட்சியைத்தான் கேட்கிறது.

டிரெய்லர் தொடக்கத்தில் நிறுவன லோகோ

வெட்டுங்கள்.

முதல் டேகாக 'இண்டி'

20 டேக் வரை வைக்கலாம், ஆனால் வரிசைக்கு மதிப்பு உண்டு. பக்கத்தில் முதலில் தெரிவது முன்னால் இருக்கும் சிலதான். 'இண்டி' (சிறு சுயாதீனக் குழு செய்தது) என்பது யார் செய்தார்கள் என்பதைச் சொல்கிறது, என்ன கேம் என்பதைச் சொல்லவில்லை. 'புதிர்', 'நிதானமான' போன்றவை முன்னால் வரட்டும்.

இரண்டு வாரம் போதும் என்று நினைப்பது

'விரைவில்' பக்கம் வெளியீட்டுக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்னால் திறந்திருக்க வேண்டும் என்பது ஸ்டீமின் விதி. புதியவர்கள் அந்தக் குறைந்தபட்சத்தையே திட்டமாக்கிக்கொள்கிறார்கள். விஷ்லிஸ்டில் சேர்த்தவர்களுக்கு வெளியீட்டன்று மின்னஞ்சல் போகும், அதற்கு அந்தப் பட்டியலில் ஆட்கள் இருக்க வேண்டும். கேமின் தோற்றம் உறுதியானதும், நான்கைந்து நல்ல லெவல்கள் கையில் இருந்தால், பக்கத்தைத் திறந்துவிடுங்கள். என்னிடம் பக்கத்தைக் காட்டிய மூவரில் ஒருவருக்கு வெளியீட்டுக்கு இன்னும் பதினாறு நாள் இருந்தது. தேதியைத் தள்ளிவையுங்கள் என்றுதான் அவருக்கு முதலில் எழுதினேன். கேப்சூலைப் பற்றி இரண்டாவது மின்னஞ்சலில் எழுதினேன்.