மறுபடியும் முதலாம் இதழ்: சூப்பர் ஹீரோ உலகத்தைப் புதிதாகத் தொடங்குவோர் விடும் பிழைகள்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்திக்குக் கிட்ட ஒரு தேத்தண்ணிக் கடை. ஏ.எல் சோதினை எழுதிவிட்டு றிசல்ற்ஸ் வரும்வரை திரியும் நாலு பெடியள் அங்கே ஒரு சி.ஆர் கொப்பியோடு இருந்தார்கள். என்னைக் கண்டதும், "அண்ணை, இதை ஒருக்காப் பாருங்கோ" என்று நீட்டினார்கள். சூப்பர்மேன், பேட்மேன் கதைகளை வெளியிடும் அமெரிக்கக் கம்பனியான டிசி கொமிக்ஸ் முழுவதையும் தங்கள் கையில் தந்தால் அதை எப்படிப் புதிதாகத் தொடங்குவோம் என்று எழுதி வைத்திருந்தார்கள். கொமிக்ஸ் வாசிக்கும் எவரும் ஒருதரமாவது விளையாடிய விளையாட்டுத்தான். நானும் விளையாடியிருக்கிறேன், இன்னும் விட்டபாடில்லை.

முதல் முப்பத்தாறு பக்கமும் காலவரிசை. பிரபஞ்சம் உண்டானது, தேவர்கள் பிரிந்தது, அட்லாண்டிஸ் தாழ்ந்தது, கிரீன் லான்டர்ன் படை அமைந்தது. முப்பத்தேழாம் பக்கத்தில்தான் சூப்பர்மேன் பிறக்கிறார்.

"சரி, முதலாம் இதழின்ர முதல் பக்கத்தில என்ன படம்?" என்று கேட்டேன். நாலு பேரும் ஆளையாள் பார்த்தார்கள்.

அந்தக் கேள்விக்கு மறுமொழி இல்லாமல் தொடங்குவதுதான் எல்லாரும் விடும் முதற்பிழை. காலவரிசை எழுதுவது சுகம். எழுதுகிறவருக்குத் தான் ஒரு உலகத்தையே படைக்கிற நினைப்பு வந்துவிடும். காசு கொடுத்து வாங்குகிறவருக்கோ கையில் இருப்பது இருபது, இருபத்திரண்டு பக்கம். அதற்குள் ஒரு மனிதரை அவருக்குப் பிடிக்கவேண்டும்.

இதை நான் படித்தது தொண்ணூறுகளில். பொருளாதாரத் தடைக் காலம், இந்தியப் புத்தகம் வருவது குதிரைக்கொம்பு. அதற்கு முன் வந்திருந்த முத்து, லயன், ராணி கொமிக்ஸ்கள்தான் கைமாறிக் கைமாறி அட்டை போய், முதல் நாலு பக்கம் போய், கடைசிப் பக்கமும் போய் எங்களிடம் வந்து சேரும். இரும்புக்கை மாயாவியின் கை ஏன் இரும்பு என்று எனக்குப் பல வருசம் தெரியாது. தெரியாமலே அவர்மீது உயிராக இருந்தேன். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் அவர் மறைந்துவிடுவார், கை மட்டும் தெரியும். எங்களுக்கோ 1990க்குப் பிறகு பல வருசம் கரண்டே இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட ஊர் இது. மாயாவி யாழ்ப்பாணத்துக்கு வந்தால் பக்கத்தில் ஒரு பெடியன் விடாமல் பெடல் சுற்றிக்கொண்டு நிற்கவேணும் என்று சொல்லிச் சிரிப்போம்.

ஆகவே தோற்றக் கதையை நீட்டி முழக்காதீர்கள் என்றால், அதை நான் கிழிந்த புத்தகங்களின் சாட்சியில்தான் சொல்கிறேன். 1962இல் ஸ்பைடர்மேனின் முதற்கதை வெறும் பதினொரு பக்கம். சிலந்திக் கடி, புகழ், திமிர், மாமாவின் சாவு எல்லாம் அதற்குள் முடிந்தது. 2005இல் தொடங்கிய ஆல் ஸ்டார் சூப்பர்மேன் அவருடைய தோற்றத்தை முதற்பக்கத்தில் நாலு கட்டங்களில் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போனது. இதற்கு ஒரு மறுப்பும் உண்டு. 2000இல் டிசியின் போட்டிக் கம்பனியான மார்வெல் தொடங்கிய அல்டிமேட் ஸ்பைடர்மேன் அதே பதினொரு பக்கத்தைப் பல இதழ்களுக்கு இழுத்தது, அருமையாக ஓடியது. பிரையன் மைக்கேல் பெண்டிஸ் எழுத, மார்க் பேக்லி வரைய, அந்தச் சோடி தொடர்ந்து 111 இதழ்கள் போனது. அவர்கள் இழுத்தது காலவரிசையை இல்லை. மாமாவும் மாமியும் பீற்றரும் (அதுதான் ஸ்பைடர்மேனின் உண்மைப் பெயர்) வீட்டில் இருந்து கதைப்பதை இழுத்தார்கள். அந்த மனிதர் சாகும்போது நமக்கு வலிக்கவேண்டும் என்பதற்காக இழுத்தார்கள். அப்படியென்றால் தாராளமாக இழுக்கலாம்.

இனி, என் கணக்கில் எல்லாவற்றிலும் பெரிய பிழைக்கு வருகிறேன்: பாதியை அழித்துவிட்டு மீதியை வைத்துக்கொள்வது.

எங்கள் ஒழுங்கையில் ஒரு வீடு இருக்கிறது. ஷெல் விழுந்த வீடு. திரும்பி வந்தவர்கள் இரண்டு பழைய சுவரைத் தட்டிப் பார்த்து, "இது நல்லாத்தானே கிடக்கு" என்று அப்படியே விட்டுவிட்டு மற்றச் சுவர்களைப் புதிதாக எழுப்பினார்கள். பழைய சுவரும் நிற்கிறது, புதுச் சுவரும் நிற்கிறது. இரண்டும் சந்திக்கிற மூலையில் மட்டும் ஒவ்வொரு மாரிக்கும் வெடிப்பு. பூசுவார்கள், அடுத்த மாரிக்குத் திரும்ப வெடிக்கும்.

டிசி 1985இல் கட்டியது இப்படிப்பட்ட வீடுதான். அதுவரை அவர்களிடம் பல பூமிகள் இருந்தன. மின்னல் வேகத்தில் ஓடும் வீரரான ஃபிளாஷில், பழைய காலத்தவர் ஒரு பூமியில், புதியவர் இன்னொன்றில். இருவரும் முதன்முதலில் சந்தித்தது 1961இல். புது வாசகருக்குத் தலை சுற்றுகிறது என்று சொல்லி, மார்வ் வுல்ஃப்மனும் ஜோர்ஜ் பெரெஸும் பன்னிரண்டு இதழ்களில் எல்லாப் பூமிகளையும் ஒன்றாக்கினார்கள். அதுவரை சரி. ஆனால் அதற்குப் பிறகு எல்லாப் புத்தகங்களும் ஒரே நாளில் முதலிலிருந்து தொடங்கவில்லை. 1986இல் ஜோன் பேர்ன் சூப்பர்மேனைப் புதிதாகத் தொடங்கினார். 1987இல் அதே பெரெஸ் வொண்டர் வுமனைப் புதிதாகத் தொடங்கினார். டைற்றன்ஸ் என்ற இளைஞர் குழுவின் கதையோ விட்ட இடத்திலிருந்து ஓடிக்கொண்டிருந்தது.

வெடித்த மூலையின் பெயர் டோனா ட்ரோய். வொண்டர் கேர்ள் என்பார்கள். இந்தப் பிள்ளை உண்டானதே ஒரு குழப்பத்தில்தான். வொண்டர் கேர்ள் என்றால் முதலில் வொண்டர் வுமனுடைய சிறுவயது உருவம், வேறு ஆள் இல்லை. 1965இல் அவரைத் தனி ஆளென்று நினைத்து இளைஞர் குழுவில் சேர்த்துவிட்டார்கள். பிறகு, எரிகிற வீட்டிலிருந்து வொண்டர் வுமன் காப்பாற்றிய குழந்தை என்று ஒரு கதை செய்து சமாளித்தார்கள், அது நன்றாகவும் இருந்தது. இப்போது 1987இல் வொண்டர் வுமன் முதன்முறையாக வெளியுலகத்துக்கு வருகிறார். அப்படியென்றால் பல வருசத்துக்கு முன் அந்தக் குழந்தையைத் தூக்கியது ஆர்? யாருடைய பெயரை இந்தப் பிள்ளை சுமந்துகொண்டு திரிகிறது? 1988இல் புராணத்து டைற்றன்கள் காப்பாற்றினார்கள் என்று பூசினார்கள். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் அதற்கு மேலே இன்னொரு பூச்சு. அதற்குப் பிறகும் பூச்சு நிற்கவில்லை. நல்லதொரு பாத்திரம், ஆனால் அவர் யார் என்று ஒரு வசனத்தில் சொல்ல இன்றைக்கும் ஆளில்லை.

இதிலிருந்து பாடம் படித்தார்களா? 2011 செப்டெம்பரில் ஐம்பத்திரண்டு புத்தகங்களையும் முதலாம் இலக்கத்திலிருந்து தொடங்கினார்கள். 904ஆம் இதழைத் தொட்டிருந்த அக்ஷன் கொமிக்ஸ்கூட ஒன்றுக்கு இறங்கியது. சூப்பர் ஹீரோக்கள் வெளியே தெரியவந்து ஐந்து வருசம்தான் என்று விதி வைத்தார்கள். ஆனால் பேட்மேனும் கிரீன் லான்டர்னும் அந்நேரம் நன்றாக விற்றுக்கொண்டிருந்தன, அந்த இரண்டு சுவரையும் இடிக்க மனம் வரவில்லை. ஐந்து வருசத்துக்குள் பேட்மேனுக்கு எத்தனை ரொபின்கள், அதாவது கூடவே சண்டைபோடும் இளம் துணைவர்கள், என்று வாசகர்கள் விரல்விட்டு எண்ணினார்கள். டிக், ஜேசன், டிம், கடைசியில் பத்து வயது மகன் டேமியன். கடைசியில், டிம் ஒருநாளும் ரொபினாக இருந்ததில்லை, தொடக்கத்திலிருந்தே ரெட் ரொபின்தான் என்று எழுதவேண்டி வந்தது.

முழுக்க இடியுங்கள், அல்லது இடிக்காமல் வெள்ளை அடியுங்கள். இரண்டுக்கும் துணிவு வராவிட்டால் 2000இல் மார்வெல் அல்டிமேட் என்ற தனி உலகத்தைத் தொடங்கியதுபோல் பக்கத்துக் காணியில் வேறு வீடு கட்டுங்கள். பழைய வீட்டில் யாரும் கைவைக்கத் தேவையில்லை. பெடியளின் கொப்பியில் பேட்மேனுக்கு மட்டும் பழைய கதை எல்லாம் "அப்பிடியே இருக்கு" என்று எழுதியிருந்தது. காரணம் கேட்டேன். "அது நல்ல கதை அண்ணை." டிசி ஆசிரியர்கள் சொன்ன அதே காரணம்!

ஆரை விடுகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். 1988இல் ஜோக்கர் சுட்டதில், முன்பு பேட்கேர்ளாக இருந்த பார்பரா கோர்டன் நடக்கமுடியாமல் போனார். அடுத்த வருசம் ஒராக்கிள் என்ற பெயரில், சக்கர நாற்காலியில் இருந்தபடி கணினி வழியே மற்ற வீரர்களுக்குக் கண்ணும் காதுமாக மாறினார். இருபது வருசத்துக்கு மேல் அப்படியே இருந்தார். 2011இல் அவரை எழுப்பி நடக்கவைத்து மறுபடி பேட்கேர்ள் ஆக்கினார்கள். புதிதாக வாசிப்பவருக்கு அது எளிது என்பது உண்மைதான். ஆனால் ஜெய்ப்பூர்க் கால் போட்டுக்கொண்டு சைக்கிள் ஓடும் ஆட்களைத் தினமும் காண்கிற ஊரில் இருந்துகொண்டு அதை வாசித்தபோது எனக்கு மனம் கசந்தது. அவர்களில் ஒருவர் கையில் கொடுக்க என்னிடம் இருந்த ஒரே சூப்பர் ஹீரோ அவர்தான். வாலி வெஸ்ட் என்ற ஃபிளாஷையும் அப்போதே காணாமல் ஆக்கினார்கள். 2016இல் ரீபேர்த் என்று மறுபடி தொடங்கியபோது, காலத்துக்கு வெளியே அகப்பட்ட வாலி ஒவ்வொருவரிடமும் தன்னை நினைவிருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு வருவதையே கதையாக வைத்தார்கள். கம்பனி தன் பிழையைத் தானே கதையாக எழுதிய இடம் அது.

எத்தனை புத்தகத்தோடு தொடங்குவது என்பதற்கு அதிகம் கதைக்கத் தேவையில்லை. டிசி 2011இல் தொடங்கிய ஐம்பத்திரண்டில் ஆறு எட்டாவது இதழோடு நின்றன. வேலியன்ட் நிறுவனம் 2012இல் மாதத்துக்கு ஒன்றாக நாலு புத்தகத்தோடு தொடங்கி நிமிர்ந்தது. கொப்பியில் எழுபத்தொன்று இருந்தது. "குறைக்கலாம்" என்றான் ஒருவன், முகத்தைச் சுளித்துக்கொண்டு.

பின்கதவைத் திறந்து வைக்கவும் கூடாது. 1996இல் மார்வெல் நாலு புத்தகங்களை வெளியாருக்குக் கொடுத்துப் புதிதாகத் தொடங்கவைத்து, பதின்மூன்று இதழில் பழையபடி திருப்பிக்கொண்டது. திரும்பத்தான் போகிறது என்று தெரிந்த பயணத்துக்கு ஆர் அழுவார்? விற்பனை தளரும்போது ஆட்களைக் கொல்வதும் இதே வகை. அல்டிமேட் உலகத்தில் 2008-09இல் வுல்வரின் முதல் டொக்டர் ஸ்ட்ரேஞ்ச் வரை வரிசையாகச் சாகடித்தார்கள். அந்த உலகம் 2015இல் முடிந்தபோது அதிலிருந்து தப்பிப் பெரிய உலகத்துக்கு வந்தவர் மைல்ஸ் மொராலஸ். 2011இல் புதிதாகச் சேர்த்த ஒரு பெடியன்.

இனி ஊர். கொப்பியில் எனக்குப் பிடித்த ஒரே வரி கடைசிப் பக்கத்தில் இருந்தது. நாலு பேரில் கதைக்காமல் இருந்தவன் எழுதியது. சூப்பர்மேனின் விண்கலம் கன்சாஸில் விழாமல் மணற்காட்டில், வல்லிபுரக் கோவிலுக்கு அங்கால், மணல் மேடுகளுக்குள் விழுகிறது. அருமை. ஆனால் அதற்குக் கீழே பார்த்தால் பிள்ளை வளர்ந்து டெய்லி பிளானெட் பத்திரிகையில் வேலை செய்கிறார், அதே கண்ணாடி, அதே காதலி லோயிஸ். கோபுரத்தைப் பின்னணியில் கீறிவிட்டால் ஊர் வந்துவிடாது. 2024இல் வந்த அப்சொலியூட் பேட்மேனைப் பாருங்கள். ப்ரூஸ் வெய்னிடமிருந்து சொத்தை எடுத்துவிட்டார்கள், தாயை உயிரோடு வைத்தார்கள். காசில்லாதவன் எப்படிப் பேட்மேன் ஆவான் என்ற ஒரு கேள்வியிலிருந்து மற்றதெல்லாம் தானாக மாறிக்கொண்டு போகிறது.

"தம்பி, அந்தப் பிள்ளைக்குப் பிறப்புப் பதிவு எப்பிடி எடுத்தவை?" என்று கேட்டேன். "விதானையார் கேட்பாரே, வயசான சோடிக்குத் திடீரெண்டு எங்கால பிள்ளை எண்டு."

இந்தக் கேள்விக்கு 1986இல் பேர்ன் ஒரு மறுமொழி வைத்திருந்தார். அந்தக் குளிர்காலம் முழுக்கப் பனி மூடி, சூப்பர்மேனை எடுத்து வளர்த்த கென்ட் தம்பதியர் மாதக்கணக்கில் பண்ணையை விட்டு வெளியே வரமுடியவில்லை. பனி கரைந்தபோது கையில் குழந்தையோடு வந்தார்கள், ஊர் நம்பிவிட்டது. யாழ்ப்பாணத்தில் பனி என்றால் விடியப்புறம் புல்லில் இருக்கிறது, அவ்வளவுதான்.

அவன் கொஞ்சநேரம் தேத்தண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணை, தொண்ணூற்றைஞ்சு இடப்பெயர்வு" என்றான். "அம்மம்மா சொல்லுவா. ஒக்ரோபர் கடைசியில வலிகாமம் முழுக்க எழும்பிப் போனது. திரும்பி வரேக்க அடுத்த வருசம் சித்திரை, வைகாசி. சுன்னாகத்துச் சோடியொண்டு வடமராட்சிக்குப் போய் ஆறு மாசம் இருந்திட்டு ஒரு பிள்ளையோட வந்தால் ஆர் கேக்கப் போகினம்? போன இடத்தில பிறந்தது எண்டு சொல்லலாம்."

மற்ற மூவரும் வாயை மூடிக்கொண்டார்கள். அவன் கொப்பியின் நடுவிலிருந்து ஒரு தாளை உருவி, பேனையால் கீறத் தொடங்கினான். சனம் நிறைந்த தெரு. சைக்கிளை உருட்டிக்கொண்டு வருகிற ஒரு கிழவர், பின்னால் கரியரைப் பிடித்தபடி அவர் மனைவி. கரியரில் ஒரு கடகம். கடகத்துக்கு மேலே ஒரு சின்னக் கை, சைக்கிள் சீற்றின் கம்பியைப் பிடித்திருக்கிறது. கம்பி வளைந்திருக்கிறது.